இடது காலுக்குக் கீழே ஒரு தடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாணவிகள் ஏழு பேரும் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஏதோ ஒரு வெளிநாட்டு டென்னிஸ் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் சேமியா கிண்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஹாலில் பஞ்சாயத்து. கோட்டருகே குனிந்து நிற்கும் நடுவர்களைக் காணோம் என்றாள் ஒருத்தி. அவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இப்போது கேமராதான் பார்க்கிறது, "அவுட்" என்ற சத்தம்கூடப் பதிவு செய்த குரல்தான் என்றாள் இன்னொருத்தி.

"அக்கா, நீங்க ஆடுறப்ப யாரு கோடு பாத்தா?" என்று உள்ளே வந்து நின்றாள் கீர்த்தனா. பதின்மூன்று வயது. கேள்வி கேட்பதில் வக்கீல் தோற்றுப்போவார்.

"எங்களுக்கு யாரும் இல்ல. நாங்களேதான் பாத்துக்கிட்டோம். என் பக்கம் விழுற பந்துக்கு நான் சொல்லணும், அவ பக்கம் விழுறதுக்கு அவ சொல்லணும்."

"பொய் சொன்னா?"

"சொல்லக் கூடாது."

"நீங்க சொல்லிருக்கீங்களா?"

"இல்ல" என்றேன். கிண்டுகிற கரண்டி நிற்கவில்லை. அவ்வளவு சரளமாக வந்தது. கீர்த்தனா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் அடுப்பை அணைக்காமலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேமியா அடிப்பிடித்திருந்தது.

பதினெட்டு வருடங்களாக யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காதவரை நான் பொய் சொல்லாதவளாகவே இருந்தேன். இனி அப்படி இருக்க முடியாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

நான் பதினொரு வருடம் தொழில்முறை டென்னிஸ் ஆடினேன். வளர்மதி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. உலகத் தரவரிசையில் என் உச்ச இடத்தைச் சொன்னால் மாணவிகள் அதை ஏ.டி.எம். ரகசிய எண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். திண்டுக்கல் பக்கம் ரெட்டியார்சத்திரத்தில் எங்கள் தெருவுக்கு நான் இன்றைக்கும் "அந்தப் பேட்மிண்டன் ஆடுற புள்ள"தான். திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

நான் டென்னிஸுக்கு வந்த கதையில் வீரமெல்லாம் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் உடற்பயிற்சி டீச்சருக்கு மாவட்டப் போட்டிக்கு மூன்று பெண்கள் கொண்ட அணி வேண்டியிருந்தது. இரண்டு பேர்தான் இருந்தார்கள். வகுப்பில் நான்தான் உயரம். "இவளுக்குப் பந்து எட்டும்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். வரவேண்டிய மற்ற பள்ளிகள் வரவில்லை. நாங்கள் மாவட்டச் சாம்பியன். சான்றிதழும் கோப்பையும் வாங்கும்வரை நான் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை.

அப்பா தக்காளியும் அவரையும் போடுகிற விவசாயி. கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் நான் ஆடுவதைப் பார்க்க வந்தவர் அரைமணி நேரம் பொறுமையாக நின்றுவிட்டு, "ஏத்தா, நீ அடிச்சா அவ திருப்பி அனுப்புறா, அவ அடிச்சா நீ திருப்பி அனுப்புற. யாருக்கும் வேண்டாத பந்த எதுக்கு இந்தப் பாடு படுத்துறீக?" என்று கேட்டார். இருபத்தாறு வருடமாக யோசிக்கிறேன். நல்ல பதில் கிடைக்கவில்லை.

அந்த மாவட்டப் போட்டியில்தான் மரியதாஸ் சார் என்னைப் பார்த்தார். நான் ஆடாததைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். இளமையில் பெரிய ஆட்டக்காரராக இருந்தவர். எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதற்கு அவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. திண்டுக்கல்லில் ஒரு பழைய கிளப்பின் செம்மண் கோர்ட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு உத்தியோகப் பழக்கம் விடவில்லை. எதற்கும் கையை நீட்டி "காட்டு" என்பார். ராக்கெட்டைப் பிடித்திருக்கும் விதத்தைக் காட்டு. ஷூவின் அடியைக் காட்டு. பல்வலி என்று ஒரு நாள் மட்டம் போட்டுவிட்டு மறுநாள் போனேன். பல்லைக் காட்டு என்றார். பாராட்டு என்பது அவர் அகராதியில் இல்லை. "பிரமாதம்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அது ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டு வடைக்குக் கிடைத்தது.

முதல் மூன்று மாதம் என்னை அவர் பந்தை அடிக்கவே விடவில்லை. காலையில் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் சுண்டியதும் சாக்கைக் கட்டி இழுக்க வேண்டும். ஆணி அடித்துப் பதித்திருக்கும் வெள்ளை நாடாக்களை, அவைதான் கோடுகள், ஒவ்வொன்றாகத் துடைப்பத்தால் கூட்ட வேண்டும். பிறகு நான் ஒரு பக்கம் நிற்பேன். அவர் எதிர்ப்பக்கம் கூடை நிறையப் பந்துகளோடு நின்று கோட்டைப் பார்த்து அடிப்பார். நான் அடிக்கக் கூடாது, பார்க்க வேண்டும். வெளியே விழுந்தால் விரலை உயர்த்த வேண்டும். உள்ளே என்றால் உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் காட்ட வேண்டும். கண் சிமிட்டும் நேரம் தாமதித்தாலும் பந்து உள்ளேதான். ஒவ்வொன்றுக்கும் அவர் வலையைச் சுற்றி நடந்து வருவார். "காட்டு" என்பார். ராக்கெட்டின் நுனியால் தடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

செம்மண்ணில் விழுந்த பந்து முட்டை வடிவில் ஒரு தடம் விட்டுப்போகும். விழுந்த இடம் அழுந்தியிருக்கும், கிளம்பிய இடம் சிராய்த்திருக்கும். அந்த முட்டையின் ஓரம் நாடாவை ஒரு மயிரிழை தொட்டிருந்தாலும் உள்ளே. நடுவர் இல்லாத ஆட்டத்தில், எதிராளி தடம் கேட்டால் காட்டியாக வேண்டும். அவள் வலையைச் சுற்றி வந்து பார்க்கலாம். காட்டுவதற்கு முன் தடத்தை அழித்தால் புள்ளி அவளுக்கு. இதுதான் விதி.

"சந்தேகம் வந்தா பந்து உள்ள" என்பார் சார். "சந்தேகத்தோட பலன் எதிராளிக்கு. வண்டியில நான் அப்பிடி இருந்ததில்ல. இங்க அப்பிடித்தான் இருக்கணும்."

கூடவே ஒரு பெருமையும் பேசுவார். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாராம். "டிக்கெட் இருக்கவன் என்னையப் பாப்பான். இல்லாதவன் சன்னல் வழியா வயலப் பாப்பான். அம்புட்டுத்தான் சூட்சுமம்." நான் மயங்கிப்போய்க் கேட்பேன். பதினாலு வயதில் எதற்கும் மயங்கலாம்.

பயிற்சி பற்றி இவ்வளவு போதும். மற்றதெல்லாம் ஓட்டமும் வியர்வையும்தான், எல்லாருக்கும் தெரிந்ததுதான். பதினெட்டு வயதில் சின்னச் சின்ன சர்வதேசப் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தேன். சின்னாளப்பட்டிப் பருத்தித் துணியில் அம்மா தைத்துக் கொடுத்த ஸ்கர்ட்டுக்கு இரண்டு பக்கமும் பந்து வைத்துக்கொள்ளப் பை இருந்தது. அவசரத்துக்கு ஒரு கொய்யாப்பழம் வைத்துக்கொள்ளவும் அது தோதாக இருந்தது.

சர்வதேசப் போட்டி என்றதும் விமானம், பூங்கொத்து என்றெல்லாம் நினைக்க வேண்டாம். ஒரு லாட்ஜ் அறையில் மூன்று பெண்கள், ஒரு வாளி, மின்விசிறியில் காயும் சாக்ஸ். எங்களைப் போன்றவர்கள் முதலில் தகுதிச் சுற்று ஆட வேண்டும். அது சனி, ஞாயிறுகளில் நடக்கும். அதில் ஜெயித்தால்தான் மெயின் டிரா எனப்படும் உண்மையான போட்டிக்குள் போகலாம். அது திங்கட்கிழமை தொடங்கும். நான்கு வருடம் நான் போன ஊரிலெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயிலேறிவிட்டேன். போட்டி தொடங்கும் முன்பே தோற்றுப்போகிற தொழில் வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை. சாருக்கு ரயில் பாஸ் இருந்ததால் எல்லா ஊருக்கும் கூட வந்தார். போகும்போது ஒரு மணி நேரம் உபதேசம், வரும்போது இரண்டு நாள் மௌனம்.

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது குஜராத்தில் ஒரு ஊர். செம்மண் கோர்ட். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் எனக்கு எதிரே வந்தவள் சுகந்தி. பொள்ளாச்சிக்காரி. சிறுவர் போட்டிகளிலிருந்தே தெரியும். என்னைவிட ஒரு வயது சின்னவள், ஆனாலும் இருவரும் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்வோம். அவள் ஊர் வழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அன்று காலையில்கூட அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கடலை உருண்டையை டப்பாவோடு நீட்டி, "ஏனுங்க, எடுத்துக்கங்க. ஆட்டத்துல மயக்கம் போட்டு விழுந்தா எனக்குத்தான் கெட்ட பேரு" என்றாள். மூன்று எடுத்துக்கொண்டேன்.

முதல் செட் எனக்கு, இரண்டாவது அவளுக்கு. மூன்றாவது செட்டில் ஐந்து–நான்கு என்று அவள் முன்னால் இருந்தாள். அவள் சர்வ். நாற்பது–முப்பது. இந்த ஒரு புள்ளியை அவள் எடுத்தால் ஆட்டம் முடிந்தது, நான் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குப் போகலாம்.

சர்வ் என் பேக்ஹேண்டுக்கு வந்தது. திருப்பி அனுப்பினேன், குட்டையாக விழுந்தது. அவள் இரண்டடி முன்னால் வந்து என் இடது மூலைக்கு ஓங்கி அடித்தாள். ஓடினேன். எட்டவில்லை. நாடாவில் பட்ட பந்துக்குத் தனிச் சத்தம் உண்டு, ஈரத் துணியைக் கல்லில் வைத்தது போல. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் விரல் மேலே போயிற்று.

"அவுட்" என்றேன்.

சுகந்தி அந்தப் பக்கம் அப்படியே நின்றாள். "தடம் காட்டுங்க" என்றாள்.

அவள் வலையைச் சுற்றி வருவதற்குப் பத்து வினாடி ஆகியிருக்கும். நான் மூலைக்கு நடந்தேன். அங்கே இரண்டு தடங்கள் இருந்தன. ஒன்று புதியது, அதில் மூன்றில் ஒரு பங்கு நாடாவின்மேல் கிடந்தது. இன்னொன்று முந்தைய கேமில் விழுந்தது, கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி. நான் என் இடது ஷூவைப் புதிய தடத்தின்மேல் வைத்தேன். வைத்தேன் என்றுதான் எழுத வேண்டும், பட்டுவிட்டது என்று எழுதக் கூடாது. ராக்கெட் நுனியால் பழைய தடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். மூக்கிலிருந்து வியர்வை சொட்டியது. நிமிர்ந்து என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். நான் வேலிக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நான் காலை எடுத்தபோது அங்கே தடம் இல்லை. ஷூவின் வரிகள்தான் இருந்தன.

அதன் பிறகு அவள் ஆட்டம் கலைந்துபோயிற்று. ஏழு–ஐந்து என்று நான் ஜெயித்தேன். அலுவலக மேசையில் ஸ்கோர் சொல்லிவிட்டு வந்தேன். முதல் முறையாக மெயின் டிராப் பலகையில் என் பெயர் ஏறியது. ஒரு எழுத்துப் பிழையோடு.

சார் எங்கே இருந்தார் என்று கேட்பீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அந்த மூலைக்கும் அவருக்கும் நாலு முழ தூரம்.

நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். எட்டு வருடம் "காட்டு, காட்டு" என்றவர் இன்றைக்கு என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதைவிட ஆசைப்பட்டேன் என்பதே சரி. சாயங்காலம் டீக்கடையில் கச்சோரி வாங்கிக் கொடுத்தார். ஊரில் மழை பெய்திருக்குமா என்று கேட்டார். கடைக்காரனிடம் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ரொம்ப நேரம் பேசினார்.

"சார், அந்தப் பந்து..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் பந்து? ரெண்டு மணி நேரத்துல எம்புட்டோ பந்து அடிச்சிருப்ப" என்றார், கச்சோரியைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை எழுந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். போட்டியிலிருந்து விலகிவிடுவது. மெயின் டிராவில் யாராவது விலகினால் அந்த இடம், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவருக்குப் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் விலகினால் என்னிடம் தோற்ற சுகந்திக்குக் கிடைத்துவிடும், கணக்கு நேராகிவிடும். பத்து நிமிடத்தில் புண்ணியவதியாகிவிடும் திட்டம்.

போட்டியை நடத்தும் சூப்பர்வைசரிடம் போய் வயிற்றுவலி என்றேன். அவர் போட்டி மருத்துவரைக் கூப்பிட்டார். மருத்துவர் படுக்கச் சொல்லி எங்கே வலிக்கிறது என்று கேட்டார். எங்கே என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. குத்துமதிப்பாக வலப்பக்கம் அடிவயிற்றைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. குடல்வால் என்றார், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார், யாரையோ வண்டி எடுக்கச் சொன்னார். பயந்துபோய் வலியை இடப்பக்கத்துக்கு மாற்றினேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சோடு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அப்படியாக நான் வெட்டுப்படாமல் போட்டியிலிருந்து வெளியே வந்தேன்.

வெளியே பலகையில் என் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அது சுகந்தி இல்லை.

விதியை நான் பாதிதான் கேள்விப்பட்டிருந்தேன். கடைசி ஆட்டத்தில் தோற்ற எல்லாரிலும் யார் தரவரிசையில் மேலே இருக்கிறாரோ அவருக்கு. அதுவும் அன்று காலை வந்து கையெழுத்துப் போட்டுக் காத்திருந்தால். சுகந்தி முந்தின நாள் சாயங்காலமே ரயிலேறிப் போயிருந்தாள். இடம் கிடைத்தது புனேயைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு. அவள் கேன்டீனில் அவல் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், பாதியில் எழுந்து, யாரிடமோ சாக்ஸ் கடன் வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினாள். ஜெயித்தாள். அடுத்ததும் ஜெயித்தாள். அரையிறுதி வரை போனாள். பின்னாளில் நாட்டுக்காகவும் ஆடினாள். அவள் படத்தைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நன்றிக் கடிதமாவது வந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

சார் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை.

"வயித்துவலியா?"

"இல்ல சார். அந்தப் பந்து உள்ள."

"தெரியும்."

"அதான் விலகிட்டேன்."

"நேத்தே கையத் தூக்கி, என் தப்பு, பாயிண்ட் ஒனக்குன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நேத்து நீ பண்ணுனது தப்பு, ஒத்துக்கிறேன். இன்னைக்கு நீ பண்ணுனது மடத்தனம். அந்தப் புள்ள பாதி தூரம் போயிருப்பா. சம்பந்தமே இல்லாத ஒருத்தி சாக்ஸ் கடன் வாங்கிட்டு ஓடுறா. தப்பு பண்ணுனவளுக்குப் புத்தி சொல்லலாம். மடச்சிக்கு நான் எங்க போயிச் சொல்ல?"

"நேத்து நீங்க ஏன் சார் ஒண்ணும் சொல்லல?"

ரயிலில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பி, வெயில் தாழ்ந்த பிறகுதான் பேசினார்.

"எட்டு வருசமா ஒங்கூட அலையிறேன், மதி. அந்தப் பலகையில ஒம்பேர ஒரு தடவையாச்சும் பாத்துறணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன்."

"முகத்தப் பாத்தாத் தெரிஞ்சிரும்னு சொல்லுவீங்களே."

"அதான் ஒம்மொகத்த நான் பாக்கல" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஆட்டம் முடிந்ததிலிருந்து மறுநாள் காலைவரை அவர் ஒரு தடவைகூட என்னை நேராகப் பார்க்கவில்லை. கச்சோரியைப் பார்த்தார், கடைக்காரனைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அறுபத்தாறு வயது மனிதர், எதிர் இருக்கையில், கையைத் தொடைகளுக்கிடையில் வைத்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பிறகு அவர் சாகும்வரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மிச்ச வருடங்கள் வேகமாகப் போய்விட்டன. இரண்டு முறை ஒழுங்காக ஆடி மெயின் டிராவுக்குள் போனேன். அதில் ஒரு ஆட்டம் ஜெயித்தும் இருக்கிறேன். எதிராளிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவளாகத்தான் பிசகிக்கொண்டாள், நான் ஒன்றும் செய்யவில்லை. இருபத்தொன்பதில் தோள்பட்டை போயிற்று. இது ஐம்பது வயதுக்காரியின் தோள் என்றார் எலும்பு மருத்துவர். "மிச்சமெல்லாம் இருவத்தொம்பதுதான, மாப்பிள்ள பாக்கலாம்ல?" என்றார் அப்பா. பார்த்தார்கள். அது வேறு கதை, நன்றாகத்தான் போகிறது. தக்காளி வயலில் ஒரு பகுதியை அப்பா கொடுத்தார். அதில் இரண்டு செம்மண் கோர்ட் போட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "தக்காளியாச்சும் காய்க்கும்" என்று அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

இனி சேமியா கருகிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நடந்தது.

பழைய ஆட்டக்காரிகளின் வாட்ஸாப் குழு ஒன்றிலிருந்து சுகந்தியின் எண்ணைப் பிடித்தேன். பொள்ளாச்சியில் குடும்பத்தின் தென்னைநார் கம்பெனியை அவள்தான் நடத்துகிறாள். எடுத்ததும் பின்னால் இயந்திரச் சத்தம்.

"சுகந்திங்களா? நான் திண்டுக்கல்லுலருந்து வளர்மதி பேசுறேன். டென்னிஸ் வளர்மதி."

"அட, சொல்லுங்க. எம்பட நெம்பர் எப்படிக் கெடச்சுது?" குரலில் உண்மையான சந்தோஷம். அதைக் கேட்டதும் போனை வைத்துவிடலாம் போலிருந்தது.

சொன்னேன். எல்லாவற்றையும், ஷூ உட்பட. மன்னிப்பு கேட்டேன். இயந்திரச் சத்தம் குறைந்தது. நடந்து வெளியே வந்திருப்பாள்.

"அப்ப அந்த மேட்ச்ச நான் ஜெயிச்சுட்டனா?"

"ஆமா."

மெதுவாகத்தான் பேசினாள்.

"ஏனுங்க, இதைய இப்ப எதுக்குச் சொல்றீங்க? அதுல தோத்தா கல்யாணம்னு எங்கப்பா சொல்லித்தான் அனுப்புனாரு. தோத்துட்டு வந்தேன். ராக்கெட்டக் கட்டிப் பரண்ல போட்டாச்சு. மேட்ச் பாயிண்ட்ல ஒரு பந்த உள்ள போடத் தெரியாதவன்னு நானே எனக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன். பதினெட்டு வருசம். இப்ப வந்து உள்ளதான் போட்டேன்னு சொல்றீங்க. அதைய நான் எங்க கொண்டுபோயி வெக்கிறது?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்க மனசு லேசாயிடுச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். அது பொய்யில்லை.

"நல்லதுங்க" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு முகூர்த்த நாள் காலை பத்து மணி இருக்கும். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாலையில் ஒரு கார் நின்று, பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக ஒரு பெண் இறங்கி வந்தாள். திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவளாம். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தாள். நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கோர்ட் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு செம்மண்ணில் இறங்கினாள்.

"எந்த மூலைங்க?" என்றாள். வணக்கம், சௌக்கியமா எதுவும் இல்லை.

இடது மூலையைக் காட்டினேன்.

"எப்படி நின்னீங்க? நின்னு காட்டுங்க."

நின்றேன். இடது காலை நாடாவின் ஓரத்தில் அழுத்தி வைத்து, ராக்கெட் நுனியால் ஒரு சாண் தள்ளித் தரையைத் தொட்டேன். பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சுகந்தி முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தாள். மல்லிகைச் சரம் தோளில் சரிந்து முன்னால் தொங்கியது.

"காலை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். ஷூவின் வரிகள் மட்டும் இருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே இதைய நான் கேட்டிருக்கோணும். வாய் வரைக்கும் வந்துச்சுங்க. நீங்க அப்படிப் பண்ணமாட்டீங்கன்னு நெனச்சுக் கேக்காம விட்டுட்டேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கோபமாகச் சொல்லவில்லை.

நிமிர்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "ஸ்கோர் சொல்லுங்க."

"ஆறு–நாலு. உங்களுக்கு."

"புள்ளைங்களுக்குக் கேக்கல."

ஏழு பிள்ளைகளும் பார்க்க, சாலையில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். "மூணாவது செட் ஆறு–நாலு. ஜெயிச்சது சுகந்தி."

அவள் வலையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்று கையை நீட்டினாள். நான் போய்க் கையைப் பிடித்தேன். "நல்லா ஆடுனீங்க" என்றாள், ஜெயித்தவர்கள் தோற்றவர்களிடம் சொல்வார்களே, அதே தோரணையில். சிரிக்கவில்லை.

"டீ சாப்ட்டுப் போங்க" என்றேன்.

"பந்திக்கு நேரமாச்சுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, நானும் கூப்பிடவில்லை.

கார் மறைந்ததும் கீர்த்தனா வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு இல்லன்னு சொன்னீங்க."

"ஆமா. அதுவும் பொய்தான்."

அவள் போய் மற்ற ஆறு பேரிடமும் ஏதோ பேசினாள். அன்றிலிருந்து என் கோர்ட்டில் என் பேச்சுக்கு மதிப்பில்லை. நான் அவர்களோடு ஆடும்போது "அவுட்" என்று சொன்னால் யாரும் தலையாட்டுவதில்லை. வலையைச் சுற்றி வந்துவிடுகிறார்கள். குனிவதற்கு முன்னால் என்னை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். தள்ளி நிற்கிறேன்.